பழைய ஸ்டீரியோ ரிசீவர்ல இந்த கலர் கலர் காயில் எல்லாம் என்ன?

சால்டர்_பிரியன்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய சாமான் கடைல எடைக்குப் போட வச்சிருந்த ஒரு ஜப்பான் ரிசீவர், 70-கள் கடைசில வந்தது, 800 ரூவா குடுத்து தூக்கிட்டு வந்துட்டேன். ஆம்ப் சைடு கண்டென்சர் மாத்தினதும் பாடுது, ஏஎம் அருமையா எடுக்குது. எஃப்எம்ல மட்டும் பேசறவங்க 'ஸ' சொன்னாலே கிழியுது, ஸ்டீரியோ லைட்டும் எரியல. மூடியக் கழட்டினா ட்யூனர் போர்டுல தகர டப்பாவா (கேன்) பத்துப் பன்னெண்டு நிக்குது. மஞ்சள், வெள்ளை, கருப்பு ஐஎஃப்டி (ரிசீவருக்குள்ள வர்ற நடு அலைவரிசை, அதாவது ஐஎஃப், அதுக்கான டிரான்ஸ்ஃபார்மர்), சிவப்பு ஓசிலேட்டர், இதெல்லாம் பாக்கெட் ரேடியோல பாத்ததுதான். தெரியாதது மூணு:
16 கால் ஐசிய ஒட்டி நிக்கிற ரெண்டு கேன், ஒண்ணு ரோஸ் ஒண்ணு பச்சை.
மூணு காலோட சின்ன பிரவுன் வில்லை ரெண்டு இருக்கு, மேல சிவப்புப் புள்ளி.
அப்புறம் பாதி தீப்பெட்டி சைஸ்ல ஒரு கருப்பு பிளாக், மேல ரெண்டு ஓட்டை, உள்ள கோர் (ட்யூன் பண்ண திருகுற ஃபெரைட் துண்டு) தெரியுது.
சர்க்யூட் எங்க தேடியும் கிடைக்கல. ரோஸ் கோர யாரோ டெஸ்டர விட்டு நோண்டி ஓரம் பேந்து கிடக்கு, அதான் பயமா இருக்கு.

மதுரை_வால்வு:
ரோஸ் ஃபர்ஸ்ட் ஐஎஃப், பச்சை டிடெக்டர் ப்ரோ. ரெண்டையும் திருகி சத்தம் எதுல ஜாஸ்தி வருதோ அதுல விட்ருங்க.

பழைய_மெக்கானிக்:
தம்பி அவர் சொன்னத தயவு செஞ்சு செய்யாதீங்க. மஞ்சள் வெள்ளை கருப்பு கணக்கு 455 கிலோஹெர்ட்ஸ் ஏஎம்முக்குத்தான் செல்லும், எஃப்எம் 10.7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்துட்டா கம்பெனிக்குக் கம்பெனி கலர் மாறும், ரோஸ் ஒரு செட்ல முதல் கேன் இன்னொரு செட்ல கடைசி கேன். கலர விட்டுட்டு போர்ட கவுத்துப் போட்டு ட்ராக் எங்க போகுதுன்னு பாருங்க. அந்த ஐசி மேல 3089 இல்ல 1137-ன்னு இருந்தா (ரெண்டும் ஒண்ணுதான்) 8-வது காலுக்கும் 9-வது காலுக்கும் நடுவுல ரெசிஸ்டர் மாதிரி ஒரு 22 மைக்ரோஹென்றி சோக் (சின்ன காயில்) இருக்கும், 9-லயும் 10-லயும் தொங்குற கேன்தான் குவாட்ரேச்சர் காயில், எஃப்எம்ல இருந்து பேச்சப் பிரிச்சு எடுக்க உதவுறது. உங்களுக்கு ரெண்டு கேன் இருக்குன்னா ப்ரைமரி, செகண்டரி. அது ட்யூன் தப்பினா வர்ற வியாதிதான் இந்த 'ஸ' கிழியறது. சத்தத்த வச்சு இத செட் பண்ணவே முடியாது. ஸ்டேஷன் இல்லாத இடத்துல வச்சு ஐசியோட 7-வது காலுக்கும் 10-வது காலுக்கும் நடுவுல மீட்டர் போட்டு டிசி சைபர் வர்ற மாதிரி ப்ரைமரிய திருப்பணும், அப்புறம் நல்ல ஸ்டேஷன் ஒண்ணு வச்சு பேச்சு சுத்தமா கேக்குற வரைக்கும் செகண்டரிய லேசா. இரும்பு திருப்புளி வேண்டவே வேண்டாம், கிட்ட கொண்டு போனாலே ட்யூனிங் ஓடும், கோரும் உடையும். நான் பிளாஸ்டிக் ஸ்வெட்டர் ஊசிய அரத்துல தேச்சு வச்சிருக்கேன், இருபது வருஷமா அதேதான்.
பிரவுன் வில்லை செராமிக் ஃபில்டர், அதுல திருகவே ஒண்ணும் இல்ல. சிவப்புப் புள்ளின்னா 10.70 மெகாஹெர்ட்ஸ், நீலம்னா 10.67, ஆரஞ்சு 10.73. மாத்தினா ரெண்டையும் ஒரே புள்ளியா போடுங்க.

கோவை_ஹாம்:
கருப்பு பிளாக்குக்கு நான் வரேன். ஸ்டீரியோ டிகோடருக்கு (லெஃப்ட் ரைட்ட பிரிக்கிற ஐசி) அப்புறம், ஆம்புக்கு முன்னாடி இருக்கா பாருங்க. இருந்தா அது 19, 38 கிலோஹெர்ட்ஸ வெட்டுற லோ பாஸ் ஃபில்டர், லெஃப்ட் ஒரு ஓட்டை ரைட் ஒரு ஓட்டை. கேசட் டெக்ல எம்பிஎக்ஸ் ஃபில்டர்னு ஒரு ஸ்விட்ச் இருக்குமே அங்கயும் இந்த ஜாதிதான், 19 பைலட் (ஸ்டீரியோவுக்காக ஸ்டேஷன் கூடவே அனுப்புற டோன்) உள்ள போனா டால்பி (டேப் இரைச்சல் குறைக்கிற சர்க்யூட்) ஏமாந்துடும். மீட்டர்லயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: 10.7 காயில் ஒரு ஓம்கூட காட்டாது, 455 சில ஓம், 19 கிலோஹெர்ட்ஸ் காயில்னா மெல்லிசு கம்பி ஏகப்பட்ட சுத்து, பத்து ஓமுக்கு மேல போகும். சந்தேகம்னா கம்ப்யூட்டர் ஹெட்ஃபோன் அவுட்ல 19 கிலோஹெர்ட்ஸ் டோன் விட்டு ஸ்கோப்புல பாருங்க, சவுண்ட் கார்டே போதும்.
லைட் எரியாததுக்கு காயில சந்தேகப்படாதீங்க. டிகோடர் 1310-ன்னா அதுல காயிலே கிடையாது, 14-வது கால்ல ஒரு ட்ரிம்மர் பாட் (திருகி மாத்துற சின்ன ரெசிஸ்டர்) இருக்கும். ஸ்டேஷன் வச்சு மெதுவா திருப்புங்க, லைட் எரியற இடம் அணையற இடம் ரெண்டையும் குறிச்சு நடுவுல நிறுத்துங்க.

சால்டர்_பிரியன்:
ஐசி 1137-தான், டிகோடர் 1310-தான்! ப்ரைமரியான ரோஸ் கேன எவ்வளவு திருப்பியும் மீட்டர் சைபருக்கு வரல, கோர் அடி வரைக்கும் போயிடுச்சு.

பழைய_மெக்கானிக்:
கேன கழட்டி அடில பாருங்க. பிளாஸ்டிக் அடில ஒரு குட்டி குழாய் கண்டென்சர் இருக்கும், கறுத்துப் போயிருந்தா அதுதான் ஆளு. அத நசுக்கி எடுத்துட்டு வெளிய ட்ராக் பக்கம் 82 பிஎஃப் (பிகோஃபாரட்) செராமிக் கண்டென்சர் போட்டுப் பாருங்க, வரலன்னா 100. 10.7-ல ட்யூன் ஆக 100-க்கு 2.2 மைக்ரோஹென்றி, 82-க்கு 2.7, அந்த ரேஞ்சுலதான் இந்தக் காயில் எல்லாம் இருக்கும். கோர் பாதி வழில இருக்கும்போது சைபர் வந்தா அதான் சரியான வேல்யூ.

சால்டர்_பிரியன்:
அண்ணே கால்ல விழறேன். குழாய் கரிக்கட்டையா இருந்துச்சு. 82-ல கோர் இன்னும் அடிலயே நின்னுச்சு, 100 போட்டேன், நட்ட நடுவுல சைபர். 'ஸ' சுத்தமா வருது. ட்ரிம்மர் பாட்ட கால் சுத்து திருப்பினதும் லைட்டும் எரிஞ்சுது.

கோவை_ஹாம்:
சூப்பர். கருப்பு பிளாக்க தொட்டீங்களா?

சால்டர்_பிரியன்:
கை அரிச்சுது. ஓட்டைக்கு மேல டேப் ஒட்டிட்டேன்.