இஸ்ரேல், பாலஸ்தீனம்: நீங்கள் நேரில் பழகிய மனிதர்கள் (அனுபவப் பகிர்வு)

குமரிக்காரி எழுதியது:

டிவியில் பார்த்ததையும் வாட்ஸ்அப்பில் வந்ததையும் இங்கே எழுத வேண்டாம். நேரில் பழகிய ஆட்களைப் பற்றி மட்டும் எழுதுவோம். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

2015 முதல் 2022 வரை அஷ்கெலோனில் கேர்கிவர் வேலை பார்த்தேன். காஸா எல்லை அங்கிருந்து பத்துப் பதிமூன்று கிலோமீட்டர்தான். நான் கவனித்துக்கொண்ட பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஹீப்ருவில் பாட்டியை சவ்தா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை 'பின்தி' என்பார். அது அரபி, என் மகளே என்று அர்த்தம். சவ்தா பிறந்தது பாக்தாத்தில். பேசுவது ஹீப்ரு என்றாலும் காசு எண்ணுவது, திட்டுவது, அழுவது எல்லாம் அரபியில்தான். எகிப்துப் பாடகி உம்மு குல்சும் பாட்டு ஓடினால்தான் குளிக்கவே சம்மதிப்பார்.

1941 ஜூனில் பாக்தாத்தில் யூதர்கள் மேல் பெரிய தாக்குதல் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அப்போது சவ்தாவுக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் அவர்களை மொட்டைமாடி வழியாக இழுத்து உள்ளே வைத்துக்கொண்டதாம். பத்து வருடம் கழித்து விமானம் ஏறினார்கள். 1950, 51இல் இராக்கை விட்டுப் போன யூதர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். போகிறேன் என்று பதிந்தவர்களுக்குக் குடியுரிமை போனது, அப்புறம் சொத்தும் முடக்கப்பட்டது. கையில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, அஷ்கெலோனில் கூடாரத்தில் இருந்திருக்கிறார்கள். பிறகு மிக்தால் என்ற பகுதியில் ஒரு பழைய கல் வீடு கிடைத்தது.

அந்த வீட்டைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "அடுப்புச் சுவரில் கரி படிந்திருந்தது. அது எங்கள் கரி இல்லை." யாருடையது சவ்தா என்று கேட்டேன். பாட்டைச் சத்தமாக வைக்கச் சொன்னார்.

2021 மே மாதம் இஸ்ரேலுக்கும் காஸாவின் ஹமாஸுக்கும் சண்டை பதினொரு நாள் நடந்தது. அஷ்கெலோனில் சைரன் கேட்டால் ஒளிந்துகொள்ள முப்பது வினாடி கூடச் சரியாக இருக்காது. புது வீடுகளில் கான்கிரீட்டில் கட்டிய பாதுகாப்பு அறை இருக்கும். சவ்தாவின் அடுக்குமாடி பழசு, அது கிடையாது. சக்கர நாற்காலியோடு படி இறங்க முடியாது. ஜன்னல் இல்லாத நடைவழியில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, அவர் தலைக்கு மேலே நான் குனிந்து நிற்பேன். மே 11ஆம் தேதி அதே ஊரில், அதே வேலை பார்த்த கேரளத்துச் சகோதரி ஒருவர் ராக்கெட் விழுந்து இறந்துபோனார். வீட்டுக்கு போன் போட்டு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லவே வாய் வரவில்லை.

அங்கே காஸாவில் குண்டு விழும்போது எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தப் பதினொரு நாளில் காஸாவில் மட்டும் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சவ்தா இரவு முழுக்க காஸாக்காரர்களைச் சபித்துக்கொண்டே இருந்தார், அதுவும் அரபியில். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பரமக்குடிக்காரர் எழுதியது:

அம்மா, மிக்தால் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெயரைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அது மஜ்தல், அதே ஊரின் அரபிப் பெயர்.

நான் 1982 முதல் 1990 வரை குவைத்தில் சர்வே வேலையில் இருந்தேன். என் பக்கத்து மேசை ஒரு பாலஸ்தீனர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணனாகவே இருந்தார். நான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த அன்று, நாற்காலியை விட்டு எழுந்து தரையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் விடுவது போலக் காட்டி, கையால் நாடாவை ஓட்டினார். "எங்கப்பாவும் இதேதான்." குழித்தறிதான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் வேலையே ஓடவில்லை. பாவு எப்படி ஓட்டுவது, கஞ்சி எதில் போடுவது என்று பாதி அரபி, பாதி இங்கிலீஷ், மிச்சம் கையால் பேசினோம்.

மஜ்தல் நெசவுக்குப் பேர்போன ஊராம். கறுப்பு, அவுரி நீலத் துணியில் கரையோரம் சிவப்பும் பச்சையுமாகப் பட்டை ஓடும். அந்த ரகத்துக்குப் பெயரே 'ஜன்னா வ நார்', சொர்க்கமும் நரகமும். 1948 நவம்பரில் இஸ்ரேல் ராணுவம் ஊரைப் பிடித்தது. பெரும்பாலானவர்கள் அதற்குள் காஸா பக்கம் ஓடிவிட்டார்கள். மிச்சமிருந்த 2,000க்கும் மேற்பட்டவர்களைச் சுற்றி வேலி போட்டு வைத்திருந்து, 1950 அக்டோபருக்குள் அவர்களையும் அனுப்பிவிட்டார்கள். இவர் குடும்பம் கடைசியாகப் போனவர்களில் ஒன்று. தறியைக் கழற்றிக் கொண்டுபோக அப்பா எவ்வளவோ பார்த்தாராம், அச்சு மட்டும்தான் எடுக்க முடிந்ததாம். காஸாவில் புதுக் குழி தோண்டி மறுபடி நெய்தார்கள். இன்றைக்குக் காஸாவில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், இப்படி வேறு ஊரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். "நீ காஸாவா" என்று யாராவது கேட்டால் அவர் "இல்லை, மஜ்தல்" என்பார். மஜ்தலை விட்டு வரும்போது அவருக்கு எட்டு வயது.

இப்போது காகித விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. காஸாக்காரர்களுக்கு எகிப்து கொடுத்த பயணப் பத்திரம், வதீகா என்பார்கள், அதுதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு விசா இல்லாமல் எகிப்துக்கே போக முடியாது! பிள்ளைகள் நான்கு பேரும் குவைத்தில் பிறந்தவர்கள், அவர்களுக்கும் அதே காகிதம்.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி இராக் அதிபர் சதாமின் படை குவைத்துக்குள் வந்தது. நாங்கள் பஸ் பிடித்து பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை, பாலைவன முகாம், அப்புறம் அம்மானிலிருந்து விமானம் என்று பம்பாய் வந்து சேர்ந்தோம். இந்தியர்கள் ஒன்றே முக்கால் லட்சம் பேர் அப்படி வந்தோம். நான் கிளம்பும் நாளில் அவர் ரொட்டி, பேரீச்சம்பழம், தண்ணீர் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார். என் பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஒரு முழம் துணியை மடித்து வைத்திருந்தார். அப்பா நெய்தது.

பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் சதாம் பக்கம் நின்றார் என்ற கோபம், 1991இல் குவைத் மீண்டபின் அங்கிருந்த பாலஸ்தீனர்கள் எல்லார் தலையிலும் விழுந்தது. சுமார் நாலு லட்சம் பேர் இருந்த இடத்தில் கொஞ்சம் பேர்தான் மிஞ்சினார்கள். ஜோர்டான் பாஸ்போர்ட் இருந்தவர்கள் அம்மானுக்குப் போனார்கள். இவரை எடுத்துக்கொள்ள எந்த நாடும் இல்லை. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் எப்படியோ காஸா போய்ச் சேர்ந்தார். கடிதம் வரும், பிறகு போன். 2011இல் இறந்துவிட்டார். அதன்பின் அவர் பையன் என்னைச் 'சித்தப்பா' முறையில் அரபியில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

பாளையங்கோட்டை உறுப்பினர் எழுதியது:

என்னுடையது சின்னது. 2018இல் எங்கள் சபையிலிருந்து புனிதப் பயணம் போனோம். பெத்லகேமில் எங்களுக்கு வழிகாட்டி அந்த ஊர்க் கிறிஸ்தவர். ஜெருசலேம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. உயிர்த்த ஞாயிறுக்கு நாங்கள் கல்லறை ஆலயத்தில் இருப்போம், நீங்களும் வாருங்கள் என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன். "ஜெருசலேம் போக இஸ்ரேல் தரும் அனுமதிச் சீட்டு இந்த வருஷம் மனைவிக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை" என்றார். எட்டு மீட்டர் சுவருக்குப் பக்கத்தில், சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டார். எங்கள் பஸ்ஸில் ஒரு சிப்பாய்ப் பெண் ஏறி, பாஸ்போர்ட் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டாள்.

குமரிக்காரி எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்துவிட்டேன். மிக்தாலில் பழைய பெரிய மசூதி இன்னும் இருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். மருந்துக்கடைக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் சவ்தாவைத் தள்ளிக்கொண்டு போவேன். சுற்றிலும் சில கல் வீடுகள் இருக்கின்றன. உங்கள் அண்ணன் வீடு எங்கே என்று ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

பரமக்குடிக்காரர் எழுதியது:

மசூதிக்குப் பின்னால், சந்தைக்குப் போகிற சந்து என்பார். வாசலில் அத்திமரம். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த மரம் இருக்காது.

குமரிக்காரி எழுதியது:

அத்திமரம் எனக்கு ஞாபகம் இல்லை ஐயா. மசூதி வாசலில் சவ்தாவை வைத்து எடுத்த படம் பழைய போனில் இருக்க வேண்டும். பின்னால் சந்து தெரிகிற மாதிரி ஒன்று இருக்கும். தேடிப் பார்த்துப் போடட்டுமா? 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்கு அப்புறம் அந்தப் பக்கத்துப் படம் எதையும் திறந்து பார்க்க மனம் வரவில்லை. நான் பழகிய வீடுகளில் இழவு விழுந்த வீடும் உண்டு.

பரமக்குடிக்காரர் எழுதியது:

புரிகிறதம்மா. அந்த ஒரே நாளில் அங்கே சுமார் 1,200 பேர், அதற்குப் பின் காஸாவில் 60,000க்கும் மேல். பையனுக்கு நான் அனுப்பியது 2023 டிசம்பரிலிருந்து ஒற்றை டிக்கில் நிற்கிறது. நம்பரை அழிக்கவில்லை.

முடிகிறபோது தேடிப் போடுங்கள். அனுப்பி வைக்கிறேன்.