கிணற்றுத் தண்ணீர் பி.எச். 5.4, கீசரில் இரண்டாவது முறை ஓட்டை: என்ன செய்யலாம்?

கோத்தகிரி மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கொஞ்சம் கீழே, தேயிலைக்கு நடுவில் எங்கள் வீடு. 30 அடிக் கிணறு, மாமனார் காலத்திலிருந்து வற்றியதே இல்லை, தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் கலங்கும். பிரச்சினை என்னவென்றால் வாஷ்பேசினில் குழாய் சொட்டுகிற இடத்தில் நீலப்பச்சையாகக் கறை, தேய்த்தாலும் ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. காலையில் பிடிக்கிற முதல் தம்ளரில் காசை நக்கின மாதிரி ஒரு ருசி. கீசர் உள்டேங்க் செம்பு, ஐந்து வருடத்தில் இரண்டு முறை ஊசி ஓட்டை விழுந்துவிட்டது. வெந்நீர் லைன் பழைய செப்புக் குழாய், மற்றதெல்லாம் சி.பி.வி.சி. பிளாஸ்டிக்.

சமையலறைக் குழாயில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தேன். பி.எச். 5.4 (7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு), டி.டி.எஸ். என்கிற கரைந்த உப்பு 38, புளிப்பை முறிக்கிற காரத்தன்மை 6 என்று வந்தது. ஃபில்டர் விற்க வந்தவர் ஆர்.ஓ. போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். பக்கத்து வீட்டுத் தாத்தா கிணற்றில் சுண்ணாம்பைக் கொட்டச் சொல்கிறார். நாங்கள் நான்கு பேர், நாளைக்கு 600 லிட்டர் ஆகும். எதைச் செய்வது?

குன்னூர் பிளம்பர்:
அக்கா, ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம். உப்பைக் குறைக்கிற மெஷின் அது, உங்கள் தண்ணீரில் குறைக்க என்ன இருக்கிறது, 38தானே! கரைந்திருக்கிற கார்பன் டை ஆக்சைடு அந்தச் சவ்வில் நிற்காமல் தாண்டிப் போய்விடும், இருக்கிற கொஞ்சம் காரமும் போய்விடும், வெளியே வரும் தண்ணீர் இன்னும் புளிப்பாகத்தான் இருக்கும். கடின நீருக்குப் போடுகிற சாஃப்ட்னரும் இதற்கு ஆகாது. புளி போட்டுச் செம்பைத் துலக்குகிறோமே, அதே வேலையை உங்கள் தண்ணீர் குழாய்க்குள்ளே மெதுவாகச் செய்கிறது. அந்தக் கறை பாசி இல்லை, செம்பு. செப்புக் குடத்தில் இரவு ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். காலையில் முதல் இரண்டு மூன்று நிமிடத் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள், அதைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்.

கூடலூர் சேட்டன்:
சுண்ணாம்பு விஷயத்தில் என் கதையைக் கேளுங்கள். ஒரு வாளி நீற்றின சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினேன், அளவு கிளவு எதுவும் இல்லை, தாராளமாக. மோர் மாதிரி ஆகிவிட்டது. பி.எச். தாளை நனைத்தால் 11. குளித்தவர்களுக்கெல்லாம் தோல் எரிச்சல். மூன்று நாள் மோட்டார் போட்டு இறைத்தோம், அடுத்த மாதம் பழையபடி 5.6. இதில் பெரிய சிரிப்பு என்னவென்றால், என்னிடம் யோசனை கேட்டு இன்னும் இரண்டு பேர் அதையே செய்தார்கள்.

ஓய்வுபெற்ற லேப் ஆள்:
மேலே இருவர் சொன்னதும் சரி. நீலகிரிக் கிணறுகள் பலவற்றில் இந்தக் கதை உண்டு. இங்கே அடியில் சார்னோக்கைட் பாறை, சுண்ணாம்புக்கல் கிடையாது, கொட்டுகிற மழை மண்ணில் இருக்கிற காரச்சத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. மழை நீரே 5.6க்குப் பக்கம்தான், அது இலை மக்கின மண் வழியாக இறங்கும்போது இன்னும் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொள்கிறது. தேயிலைக்கு அந்த மண் பிடிக்கும், குழாய்க்குப் பிடிக்காது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் பி.எச். 6.5 முதல் 8.5 வரை. செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை. நீங்கள் செம்பையும் ஈயத்தையும் பார்க்கவில்லை, காலையில் வரும் முதல் தண்ணீரைப் பிடித்து அதையும் பாருங்கள். பழைய பித்தளைக் குழாயிலும் ஈயம் இருக்கலாம்.

ஆனால் காரத்தன்மை 6 என்பது எனக்கு இடிக்கிறது. மழைக்குக் கலங்கும் என்றீர்களே, தெளிய வைக்க என்ன போடுகிறீர்கள்?

கோத்தகிரி மருமகள்:
படிகாரம்தான் சார். 1000 லிட்டர் டேங்குக்குப் பாக்கு அளவில் மூன்று துண்டு. மாமியார் சொன்னது. மழை நின்றாலும் பழக்கத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறோம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற லேப் ஆள்:
அதேதான். படிகாரம் ஒரு மில்லிகிராம் கரைந்தால் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தைத் தின்றுவிடும். சமவெளியில் காரத்தன்மை 200, 300 உள்ள கிணற்றில் அது தெரியவே தெரியாது. உங்களிடம் இருப்பதே கைப்பிடி அளவு, அதில் முக்கால்வாசி படிகாரத்துக்குப் போய்விடுகிறது.

இப்போது இதைச் செய்யுங்கள். கிணற்றிலிருந்து நேராக ஒரு வாளி, டேங்கிலிருந்து ஒரு வாளி. இரண்டையும் பிடித்த உடனே பி.எச். அளந்துவிட்டு, டீ ஆற்றுகிற மாதிரி வாளிக்கு வாளி அரை மணி நேரம் ஆற்றித் திரும்ப அளந்து பாருங்கள். ஆற்றினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பேனா மீட்டர் என்றால் முதலில் பி.எச். 4, 7 என்று தெரிந்த கரைசலில் சரிபார்க்க வேண்டும், உப்புக் குறைந்த தண்ணீரில் எண் நிலைக்க நேரம் ஆகும், பொறுமையாக நில்லுங்கள். ஆய்வகத்துக்குக் கொடுப்பதானால் பாட்டிலில் காற்று இல்லாமல் கழுத்து வரை நிரப்பி அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

ஹட்டி பையன்:
எங்கள் பாட்டி கிணற்றில் நெல்லிக்கட்டை போடுவார். அது பி.எச். ஏற்றாதா?

ஓய்வுபெற்ற லேப் ஆள்:
ஏற்றாது தம்பி. ருசிக்கு வேண்டுமானால் போடுங்கள். தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டை உரசிப் போடுவது படிகாரத்தைவிட நல்லது, அது காரத்தைத் தின்னாது.

கோத்தகிரி மருமகள்:
கை ஓய்ந்துவிட்டது! கிணறு 5.8, ஆற்றின பிறகு 6.8. டேங்க் 5.4, ஆற்றின பிறகும் 6.2தான். கிணற்றுத் தண்ணீரின் காரத்தன்மை 20 என்று வந்திருக்கிறது. அதாவது எங்கள் கிணறு அவ்வளவு மோசமில்லை, நாங்கள்தான் கெடுத்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற லேப் ஆள்:
அப்படியென்றால் வழி சுலபம். படிகாரத்தை நிறுத்துங்கள், ஆனால் மழையில் கலங்குகிறது என்றாலே மேல்தண்ணீர் கிணற்றுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். சுற்றுச்சுவரைப் பூசி, மேடை கட்டி, மேட்டிலிருந்து வரும் ஓடையைத் திருப்பிவிடுங்கள், இது எல்லாவற்றுக்கும் முந்தின வேலை. அதுவரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பது நல்லது, கலங்கலோடு கிருமியும் வரும்.

அப்புறம், மோட்டாரிலிருந்து வரும் தண்ணீரை முதலில் மேட்டில் ஒரு பழைய டேங்கில் பூவாளி மாதிரி ஷவர் தலை வைத்து விழ விடுங்கள். நம் ஊரில் மேட்டுக்குப் பஞ்சமா. அங்கிருந்து ஒரு மூடி போட்ட உணவுத்தர டிரம்மின் அடிப்பக்கமாக நுழைந்து, சுண்ணாம்புக் கல் குருணை வழியாக மேலேறி வெளியே வந்து வீட்டு டேங்குக்குப் போகட்டும். கீழிருந்து மேலே போனால் கல் கட்டியாக இறுகாது. 75 கிலோ போதும், நிமிடத்துக்கு 4 லிட்டருக்கு மேல் விடாதீர்கள். தண்ணீருக்குக் கல்லோடு ஐந்து நிமிடமாவது பழக்கம் வேண்டும்.

நீற்றின சுண்ணாம்பு மாதிரி இந்தக் கல் எல்லை மீறாது. 8க்குப் பக்கம் வந்ததும் கரைவது தானாகக் குறைந்துவிடும். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு 100 கிராம் கல் என்பது கணக்கு. ஆற்றாமல் நேராக விட்டால் உங்களுக்கு வருடத்துக்கு முப்பது கிலோ வரை கரையும், ஆற்றிவிட்டால் அதில் ஒரு சிறு பங்குதான்.

குன்னூர் பிளம்பர்:
மொசைக் போடுகிற வெள்ளை மார்பிள் சிப்ஸில் அரிசிக் குருணை அளவில் கேட்டு வாங்குங்கள், பாலிஷ் போட்டது வேண்டாம். ஒரு கல்லை வினிகரில் போட்டால் நுரைக்க வேண்டும். சும்மா கிடந்தால் அது வேறு கல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தோட்டத்தில் கவாத்துக்குப் பிறகு போடுகிற டோலமைட் மூட்டை மிச்சம் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள், அது மண்ணுக்கு, மாவாக இறுகி அடைத்துக்கொள்ளும்.

கோத்தகிரி மருமகள்:
இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். ஷவர், டிரம் எல்லாம் வைத்தாயிற்று, வீட்டு டேங்கில் 7.3 நிற்கிறது. முதல் வாரம் கல் மாவு வந்து தண்ணீர் வெள்ளையாக இருந்தது, மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, கழுவிக் கழுவி விட்டபின் தெளிந்தது. பேசினைப் புளி போட்டுத் தேய்த்தேன், கறை திரும்ப வரவில்லை. முதல் தண்ணீரில் செம்பு முதலில் 1.9 இருந்தது, இப்போது 0.3. ஈயம் இல்லை. கிணற்று மேடை வேலை பாதியில் நிற்கிறது, கொத்தனார் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். அடுத்த மழைக்குள் வெந்நீர் லைனையும் சி.பி.வி.சி.க்கு மாற்றலாம் என்று இருக்கிறோம். சரிதானே அண்ணா?

குன்னூர் பிளம்பர்:
தாராளமாக மாற்றுங்கள். ஒட்டின பிறகு ஒரு முழு நாள் விட்டுத் தண்ணீர் திறங்கள், நம் குளிரில் பசை சீக்கிரம் காயாது. கீசரை ஒட்டி முதல் ஒன்றரை அடிக்கு மட்டும் உலோகக் குழாய் இருக்கட்டும், பிளாஸ்டிக்கை நேராகக் கீசரில் மாட்டினால் சூட்டில் வளைந்துவிடும்.