அடிப்படைச் சம்பளம் 1,800, பேஸ் கேஎல்: கேபின் க்ரூ வேலையில் கையில் எவ்வளவு நிற்கும்?

பட்டர்வொர்த்_பையன்:
வணக்கம். தங்கச்சிக்குக் கேபின் க்ரூ ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. அடிப்படை 1,800 வெள்ளி (ரிங்கிட்). அதற்குக் கீழே "ஃப்ளையிங் அலவன்ஸ், அவுட்ஸ்டேஷன் அலவன்ஸ் கம்பெனி விதிப்படி" என்று ஒரே வரி. எல்லாம் சேர்த்து மாதம் 4,000 வரை வரும் என்று இன்டர்வியூவில் சொன்னார்களாம். பேஸ் (வேலை தொடங்கும் ஊர்) கேஎல்ஐஏ, அதாவது சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையம். வீடு பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த்.

அந்த 4,000 நிஜமா? லேஓவர் (போன ஊரில் தங்கும் ஓய்வு) அடிக்கடி கிடைக்குமா? பிறகு பினாங்கு பேஸுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? இந்த வார இறுதிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜம்ப்சீட்:
தம்பி, 4,000 வரும் மாதமும் உண்டு, 2,300-இல் நிற்கும் மாதமும் உண்டு. ஃப்ளையிங் அலவன்ஸை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதை முதலில் கேட்கச் சொல்லுங்கள். பிளாக் ஹவரா, செக்டரா (ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒரு பயணம்)? இந்த ஒரு கேள்வியில்தான் பாதிச் சம்பளம் இருக்கிறது.

பிளாக் ஹவர் என்றால் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நிமிடத்திலிருந்து, இறங்கிப் போய் அடுத்த நிறுத்துமிடத்தில் நிற்கும் நிமிடம் வரை. ரிப்போர்ட்டிங் (வேலைக்கு வந்து பதிவு செய்வது), பிரீஃபிங், பாதுகாப்புச் சோதனை, பயணிகளை ஏற்றுவது, இறக்குவது, அடுத்த பயணத்துக்குக் கேபினைத் தயார் செய்வது எல்லாம் டியூட்டி நேரம். அதற்கு மீட்டர் ஓடாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கேஎல்-பினாங்கு-கேஎல், அதையே இரண்டு தடவை, மொத்தம் நாலு செக்டர். ஒவ்வொன்றும் பிளாக் 1 மணி 5 நிமிடம் என்று வையுங்கள், 4 மணி 20 நிமிடம் ஆகிறது. முன்னால் ஒரு மணி ரிப்போர்ட்டிங், நடுவில் மூன்று டர்ன் (இறங்கி அடுத்த பயணத்துக்குத் தயாராவது) 35 நிமிடம் வீதம், கடைசியில் அரை மணி. டியூட்டி 7 மணி 35 நிமிடம். இப்போது சென்னை டர்ன்அரௌண்டை (போய்த் தங்காமல் அப்படியே திரும்புவது) பாருங்கள். போக 3 மணி 55 நிமிடம், வர 3 மணி 55 நிமிடம், பிளாக் 7 மணி 50 நிமிடம். ரிப்போர்ட்டிங் ஒரு மணி, சென்னையில் ஒரு மணி, கடைசியில் அரை மணி சேர்த்தால் டியூட்டி 10 மணி 20 நிமிடம். பினாங்கு நாளில் உழைப்பில் 57 விழுக்காட்டுக்கு மீட்டர் ஓடுகிறது, சென்னை நாளில் 76 விழுக்காட்டுக்கு.

மணிக்கு 15 வெள்ளி என்று வைத்தால் (உதாரணத்துக்கு மட்டும், ஆஃபரில் உள்ள ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்) பினாங்கு நாளுக்கு 65, சென்னை நாளுக்கு 117.50. அதுவே செக்டருக்கு 25 வெள்ளி என்றால் அப்படியே தலைகீழ்: பினாங்கு 100, சென்னை 50. சில இடங்களில் தூரத்தைப் பொறுத்து ஒரு செக்டரை ஒன்றரை, இரண்டு என்று எண்ணுவார்கள். அதையும் கேளுங்கள்.

அந்த 15 வெள்ளி கணக்கில் மாதம் 75 மணி பறந்தாலும் 1,125-தான். அடிப்படையோடு 2,925. மீதி ஆயிரத்துச் சொச்சம் அவுட்ஸ்டேஷன் அலவன்ஸிலும், விமானத்தில் விற்கும் சாப்பாடு, டூட்டி ஃப்ரீ கமிஷனிலும்தான் வரவேண்டும். அதே 75 மணியைச் சென்னை மாதிரி டர்ன்அரௌண்டில் எடுத்தால் பத்து நாள் வேலை. பினாங்கு மாதிரி குட்டிச் செக்டரில் எடுத்தால் 69 செக்டர், பதினேழு பதினெட்டு நாள். ஆகவே "மாதம் எத்தனை மணி பறக்கிறார்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்.

பணம் குறையும் மாதங்கள்: ஆண்டு விடுப்பு, எம்சி (மருத்துவ விடுப்பு), ரிகரன்ட் டிரெய்னிங் (அவ்வப்போது மறுபடி எடுக்கும் பயிற்சி), கூப்பிடாமலே போன ஸ்டாண்ட்பை (கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் நாள்). இவற்றுக்குப் பெரும்பாலும் அடிப்படை மட்டும். குறைந்தபட்சம் இத்தனை மணி உத்தரவாதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது பெரிய விஷயம். அமெரிக்க நிறுவனங்களில் அது வழக்கம். இங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அலவன்ஸ் ஒரு மாதம் தள்ளித்தான் ஏறும், அதனால் பயிற்சி முடிந்து பறக்க ஆரம்பிக்கும் முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கேலி_ராணி:
பயணிகளை ஏற்றும் நேரத்துக்குக் காசு இல்லை என்பது மலேசியாவில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 2022-இல்தான் போர்டிங் நேரத்துக்கு மணிக்கூலியில் பாதி தர ஆரம்பித்தது. ஏர் கனடாவில் 2025 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் நடந்ததே, அதன் முக்கியக் காரணமும் இந்தத் தரைநேரச் சம்பளம்தான்.

லேஓவர் பற்றி யாரும் சொல்லவில்லை. அது கம்பெனி கொடுக்கும் சுற்றுலா இல்லை. போய்த் திரும்பினால் டியூட்டி வரம்பைத் தாண்டும் என்பதாலோ, திரும்பும் விமானம் மறுநாள்தான் என்பதாலோ வருவது. நாலு மணி நேரப் பயணம் வரைக்கும் பெரும்பாலும் டர்ன்அரௌண்ட். சென்னை, திருச்சி போனால் ஏரோபிரிட்ஜைத் தாண்டக்கூட மாட்டார்கள், "சென்னை போனியே, புடவை வாங்கினியா" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் சிரித்துக்கொள்ள வேண்டியதுதான். குட்டி ஜெட் மட்டும் ஓட்டும் நிறுவனத்தில் லேஓவர் குறைவு. லண்டன் மாதிரி நீண்டதூரம் போகும் நிறுவனத்தில் அதுதான் வருமானத்தின் பெரிய பங்கு.

24 மணி லேஓவர் என்று ரோஸ்டரில் (பணி அட்டவணை) இருந்தால் ஹோட்டல் அறையில் 24 மணி இல்லை. இறங்கி, குடிநுழைவு தாண்டி, பஸ் ஏறி ஹோட்டல் சேர ஒன்றரை மணியாவது ஆகும். திரும்பும்போது பிக்அப் ரிப்போர்ட்டிங்குக்கு முன்னாலேயே வந்துவிடும். மிஞ்சுவது இருபது மணி. ஓய்வுக்குச் சட்ட வரம்பு உண்டு. ஐரோப்பிய விதியில் பேஸில் 12 மணி, வெளியூரில் 10 மணி, அல்லது முந்தைய டியூட்டி எவ்வளவோ அவ்வளவு, எது அதிகமோ அது. இங்கே மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒப்புக்கொண்ட கம்பெனி மேனுவலில் இருக்கும். பயிற்சியின்போது அந்த அத்தியாயத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். விமானம் தாமதமாகும்போது கைகொடுப்பது அதுதான்.

அவுட்ஸ்டேஷன் அலவன்ஸ் (வெளியூரில் இருக்கும்போது தரும் படி) இரண்டு வகை. பேஸை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை மணிக்கு இவ்வளவு என்பது ஒன்று. வேளைச் சாப்பாட்டுக் கணக்கு இன்னொன்று. இரண்டாவதில் காலை, மதியம், இரவு என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நேர வரம்பு, ஊருக்கு ஒரு ரேட். வரம்புக்குள் ஊரில் இருந்தால்தான் அந்த வேளைக் காசு. ஹோட்டலில் காலைச் சாப்பாடு சேர்ந்திருந்தால் அந்தப் பங்கைக் கழித்துவிடுவார்கள். இருபது நிமிடம் முன்னால் கிளம்பியதால் ஒரு வேளைக் காசு போவதும், தாமதத்தால் ஒரு வேளை கூடுவதும் நடக்கும். ரோஸ்டர் நேரத்தை வைத்தா, நிஜ நேரத்தை வைத்தா கணக்கு என்று கேட்டு வையுங்கள்.

பாயான்_பாரு:
பேஸ் மாற்றம்: பேஸ் என்பது டியூட்டி தொடங்கி முடியும் இடம். வீட்டிலிருந்து பேஸுக்கு வருவது க்ரூவின் சொந்தப் பாடு. கேஎல் பேஸ் என்றால் பட்டர்வொர்த்திலிருந்து சிப்பாங் வரும் செலவும் நேரமும் தங்கச்சியுடையது.

பினாங்கில் ஏர் ஏசியாவும் ஃபயர்ஃப்ளையும் விமானங்களை வைத்து இயக்குகின்றன. நிறுவனத்துக்கு அங்கே பேஸே இல்லை என்றால் மாற்றம் பற்றிப் பேச்சே இல்லை. இருந்தால், பாயான் லெப்பாஸில் (பினாங்கு விமான நிலையம்) காலி இடம் வரவேண்டும், சீனியாரிட்டி வரிசை உண்டு, இத்தனை மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும், எம்சியும் லேட்டும் அதிகம் உள்ளவர்களை ஒதுக்கிவிடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குத் திரும்பத் துடிப்பார்கள், வரிசை நீளம்தான். முதல் வருடத்தில் கிடைக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்னொன்று, தற்காலிக பேஸிங் வேறு, நிரந்தர மாற்றம் வேறு. கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டு ஒரு மாதம் பினாங்குக்கு அனுப்பினால் ஹோட்டலும் அலவன்ஸும் தருவார்கள். நாமே கேட்டு மாறினால் இரண்டும் கிடையாது. ஃபாரத்தில் எந்தப் பெட்டியில் டிக் போடுகிறோம் என்று பார்த்துப் போடவேண்டும். சின்ன பேஸில் விமானம் குறைந்தால் திரும்பக் கேஎல்லுக்கே அனுப்பிவிடவும் செய்வார்கள்.

பட்டர்வொர்த்_பையன்:
நன்றி எல்லாருக்கும். ஒரு யோசனை. ஆஃப் நாளும் ஸ்டாண்ட்பை நாளும் வீட்டில் இருந்துவிட்டு, பறக்கும் நாளுக்கு மட்டும் ஸ்டாஃப் டிக்கெட்டில் (ஊழியர் சலுகை டிக்கெட்) கேஎல் போனால் வாடகை மிச்சம் இல்லையா?

கோத்தா_வாரிசான்:
ஸ்டாண்ட்பை நாளில் முடியவே முடியாது. ஹோம் ஸ்டாண்ட்பை என்றால் ஃபோன் வந்து ஒன்று, ஒன்றரை மணிக்குள் சீருடையோடு ரிப்போர்ட் செய்யும் தூரத்தில் இருக்கவேண்டும். பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு ஃபோனை எடுத்தால் அது நோ-ஷோ (வேலைக்கு வராத கணக்கு).

ஸ்டாஃப் டிக்கெட்டும் காலி இருக்கை இருந்தால்தான். சாதாரண செவ்வாய்க்கிழமை பரவாயில்லை. வெள்ளி மாலை, தீபாவளி வாரம், தைப்பூச விடுமுறை என்றால் பினாங்கு விமானத்தில் இடமே இருக்காது. அப்படியே வருவதாக இருந்தால், ரிப்போர்ட்டிங்குக்கு முன் இன்னும் இரண்டு விமானமாவது கைவசம் இருக்கிற மாதிரி கிளம்பவேண்டும். அதிகாலை டியூட்டிக்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும். ஈடிஎஸ் ரயில் இருக்கிறது, ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கே நாலு மணி நேரம், அதற்கு மேல் சிப்பாங்.

முதல் வருடம் கேஎல்ஐஏ அருகே கோத்தா வாரிசான், சாலாக் திங்கி, நீலாய் பக்கம் க்ரூ பிள்ளைகளோடு அறை எடுப்பதுதான் வழி. காலை நாலு மணி ரிப்போர்ட்டிங்குக்கு ரயில் கிடையாது. கேஎல் நகரத்தில் அறை எடுத்தால் கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ஒரு வழிக்கு 55 வெள்ளி, இரவில் கிராப் டாக்சி. 1,800 அடிப்படையில் அது கையைக் கடிக்கும். கம்பெனி வேன் உண்டா, எந்தப் பகுதி வரை வந்து ஏற்றும் என்று கேட்டுவிட்டு அறை பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை_ஈப்போ:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பயண அலவன்ஸுக்கும் ஓவர்டைமுக்கும் சட்டப்படி இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பிடிப்பதில்லை. 1,800-க்கு மட்டும் பிடித்தால் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 198 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 234. கையில் 4,000 வந்தாலும் சேமநிதியில் ஏறுவது இவ்வளவுதான். ஃப்ளையிங் அலவன்ஸைப் பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டு) எந்தப் பெயரில் போடுகிறார்கள், அதற்கு இபிஎஃப் உண்டா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கார் கடனும் அப்படியே. மாறும் வருமானத்தை பேங்க் முழுசாக எடுத்துக்கொள்ளாது, ஆறு மாதப் பேஸ்லிப்பின் சராசரி பார்த்து அதிலும் வெட்டும். தவணையை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் நிறுவனத்துக்கும் விண்ணப்பம் போட்டிருந்தால்: பிஆர் (நிரந்தரவாசம்) இல்லாத மலேசியருக்கு அங்கே சிபிஎஃப் (சிங்கப்பூர் சேமநிதி) கிடையாது. சிங்கப்பூர் டாலர் பெரிதாகத் தெரியும், ஆனால் அங்கே வாடகையும் கொடுத்து, சேமநிதியை இங்கே தன்னார்வமாகக் கட்டவேண்டும். இபிஎஃப்-இல் அப்படி வருடத்துக்கு 100,000 வெள்ளி வரை கட்டலாம்.

ஜம்ப்சீட்:
பாண்ட் (இத்தனை வருடம் விலகாமல் வேலை செய்வதாக எழுதிக்கொடுப்பது) பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். பயிற்சிச் செலவுக்கு எத்தனை வருட பாண்ட், நடுவில் விலகினால் முழுத்தொகையா அல்லது மிச்ச மாதத்துக்கு மட்டுமா, ஜாமீன்தாரர் கையெழுத்து யாருடையது? தம்பி, உங்கள் பெயரைப் போடச் சொன்னால் ஒப்பந்தத்தை முழுசாகப் படித்த பிறகு போடுங்கள்.