இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே: மனசை விட்டுப் போகாத அனுபவம் உண்டா?

சுவிண்டன்வாசி:
பணிமனைக்குப் போகும் அந்தச் சுரங்க நடைபாதையில் நடந்தது. ஒரு பெரியவர் சுவரில் கை வைத்தபடி நின்றிருந்தார். "முப்பது வருஷம் உள்ளே இருந்தேன்" என்றார். ஜெயிலைச் சொல்கிறார் என்று நினைத்து வேகமாக நடந்துவிட்டேன். சுவிண்டனில் 'உள்ளே' என்றால் ரயில்வே பணிமனை வேலை என்று அப்புறம்தான் தெரிந்தது. 1843-இல் திறந்த இடம், 1986-இல் மூடிவிட்டார்கள். கடைசிச் சங்கு ஊதியபோது எங்கே நின்றீர்கள் என்றாவது கேட்டிருக்கலாம். சுவரில் வைத்த அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அகலப்பாதை:
டிட்காட் ரயில்வே மையத்தில் இந்த ரயில்வேயைக் கட்டிய பொறியாளர் புருனெலின் ஏழடி கால் அங்குல அகலப் பாதையைக் கொஞ்ச தூரம் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் குறுக்கே படுத்தால்கூட இரண்டு தண்டவாளத்தையும் தொட முடியாது! மிச்சமிருந்த 170 மைலுக்கு மேலான பாதையை 1892 மே மாதம் ஒரே வார இறுதியில் மற்ற ரயில்வேக்களின் குறுகலான பாதையாக மாற்றினார்களாம். அங்கேயே மனசு கனத்துவிட்டது. எல்லாம் புருனெலின் பிடிவாதத்தால் வந்தது.

பழைய எஞ்சின்:
பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். எந்த அகலம் நல்லது என்று பார்க்க 1845-இல் அரசு ஆணையம் வைத்த சோதனை ஓட்டத்தில் அகலப் பாதை எஞ்சின்கள்தான் ஜெயித்தன. ஆனால் அன்றைக்கு அகலப் பாதை 274 மைல், குறுகல் பாதை சுமார் 1,900 மைல். எதை மாற்றுவது சுலபம்? தோற்றது மைல் கணக்கில்தான், பொறியியலில் இல்லை. என் அனுபவம் சின்னது. இதே ரயில்வேயின் பாக்ஸ் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் ஜன்னல் கண்ணாடியில் என் முகம் மட்டும் தெரிந்தது. அதைத் தோண்டும்போது சுமார் 100 பேர் இறந்தார்கள் என்று படித்திருந்தேன். வெளிச்சம் வரும்வரை பேச்சே வரவில்லை.

தேம்ஸ்கரை:
தேம்ஸ் ஆற்றின் மேல் புருனெல் கட்டிய மெய்டன்ஹெட் ரயில் பாலத்துக்கு அடியில் நின்று என் அம்மா பெயரைச் சொன்னேன், திரும்பத் திரும்பக் கேட்டது. அவ்வளவுதான். போகிறவர்கள் டாப்லோ பக்கக் கரையில் நடந்து கிழக்கு வளைவுக்குப் போங்கள், எதிரொலி அங்கேதான். ஆற்றைத் தாண்டும் பெரிய வளைவு ஒவ்வொன்றும் 128 அடி அகலம், வெறும் செங்கல். இவ்வளவு தட்டையாக இருந்தால் நிற்காது என்று அப்போது பலர் சொன்னார்கள். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். 1890களில் இரண்டு பக்கமும் அகலப்படுத்தியதால் வெளியே தெரிவது பிற்காலத்து வேலை. புருனெல் கட்டியது நடுவில் இருக்கிறது, உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். மழை பெய்திருந்தால் கரைப் பாதை வழுக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ரயில் மேலே போகும்வரை காத்திருங்கள்.