புதுப்பிப்பு: லாரி ஸ்டியரிங் ஆட்டம் நின்றது

ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது, நேர் சாலையிலும் வண்டி அலைபாய்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ஸ்டியரிங் பாக்ஸைத்தான் (வீலின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டி) மாற்ற வேண்டுமோ என்றும் கேட்டிருந்தேன். தேவைப்படவில்லை. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்க, நான் கீழிருந்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்தேன். முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடின் முனை மூட்டுகளான டை ராட் எண்ட் இரண்டும், பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க்கின் ஒரு முனையும் தேய்ந்திருந்தன. பாக்ஸ் நன்றாக இருக்கிறது.

கழற்றுவதுதான் பெரிய வேலை. முள்கரண்டி மாதிரியான கருவி ரப்பர் உறையைக் கிழித்துவிடும். பழையதைத் தூக்கிப்போடுவதாக இருந்தால் மட்டும் அது சரி. நான் புல்லர் (மூட்டைத் தள்ளிக் கழற்றும் திருகுக் கருவி) போட்டு இறுக்கி, மூட்டு மாட்டியிருக்கும் ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினேன். டக்கென்று விட்டது. கழற்றும் முன் பழைய ராடின் நீளத்தை, ஒரு முனை மூட்டுப் பின்னின் மையத்திலிருந்து மறுமுனைப் பின்னின் மையம் வரை, கட்டாயம் அளந்து வையுங்கள். ஒரு முனையில் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுழற்ற வேண்டியது) இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசில் நட்டை (மேலே வெட்டுகள் உள்ள நட்டு) அதற்குச் சொல்லப்பட்ட டார்க்குக்கு, அதாவது இறுக்க அளவுக்கு, இறுக்கிய பிறகு அதன் வெட்டும் துளையும் நேராக வரவில்லையென்றால், இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்தக் கூடாது. நட்டு கழலாமல் அந்தத் துளையில் செருகும் ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. இதில் சமரசமே வேண்டாம், உயிர் சம்பந்தப்பட்ட இடம்.

அப்புறம் கிரீஸ் அடித்து, டோ அலைன்மெண்ட் (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) பார்த்தாகிவிட்டது. ஸ்டியரிங் வீல் சற்றுக் கோணலாக நின்றதை டிராக் லிங்க் நீளத்தில் சரிசெய்தோம். இப்போது வண்டி நேராகப் போகிறது. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.