4 அடி மீன் தொட்டிக்கு ஸ்டாண்ட்: மட்டம் வர என்ன வழி?

கேள்வி: 4×1½×1½ அடி, 10 மி.மீ. கண்ணாடித் தொட்டி. இரும்பு ஸ்டாண்ட் அடிக்கப் போகிறேன். டைல்ஸ் தரை, ஒரு மூலை 6 மி.மீ. இறக்கம். எந்த பைப் எடுக்கலாம்? தொட்டிக்கு அடியில் அட்டை கொடுத்தால் போதுமா?

பதில் 1: அட்டை வேண்டவே வேண்டாம் நண்பரே. தண்ணீர் மட்டும் 250 லிட்டர்; கண்ணாடி, மணல் சேர்த்தால் 330 கிலோ தாண்டும். அட்டை வைத்த இடத்தில் மட்டும் பாரம் இறங்கி அடிக்கண்ணாடி விரிசல் விடும். மட்டத்தைக் காலடியில்தான் சரிசெய்யணும். 1½ அங்குல சதுர பைப், 16 கேஜ் (சுமார் 1.6 மி.மீ. தடிமன்) எடுங்கள். நடுவிலும் குறுக்குச் சட்டம், இரண்டு கால். ஒவ்வொரு காலிலும் நட் வெல்டிங் வைத்து 12 மி.மீ. போல்ட், அடியில் 3 அங்குலத் தகடு. தகடு இல்லாவிட்டால் டைல்ஸ் உடையும்.

பதில் 2: சாய்வைவிட முறுக்கல்தான் (சட்டத்தின் நான்கு மூலையும் ஒரே தளத்தில் இல்லாமல் திருகி நிற்பது) ஆபத்து, கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கோன் பசையையே பிரித்துவிடும். வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். முதலில் எல்லா மூலையிலும் பொட்டு (சிறு புள்ளி வெல்டிங்) வைத்து, மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று அளந்த பிறகே முழு வெல்டிங். எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் லேசாகத் தொட்டால் சரி. இடைவெளி விட்டாலோ அழுத்தினாலோ முறுக்கல்.

பதில் 3: ஸ்டாண்டின் மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை), அதன்மேல் 10 மி.மீ. தெர்மோகோல். பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஈரத்தில் உப்பிவிடும். பாதி தண்ணீர் ஊற்றி, நான்கு மூலையிலும் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர்வரை அளங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் தண்ணீரை இறக்கிவிட்டு போல்ட்டைத் திருப்புங்கள்; பாரத்தோடு திருப்பாதீர்கள்.