புதுப்பிப்பு: பன்றி வேட்டைக்கு எந்த ரைபிள்?

சித்திரையில் கேட்டிருந்தேன்: டெக்சாஸில் இருக்கும் அண்ணன் கூப்பிடுகிறார், முதல் காட்டுப்பன்றி வேட்டைக்கு .243 ரைபிளா, .308-ஆ (எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்) என்று. போய்விட்டு குலசேகரம் திரும்பிவிட்டேன்.

எடுத்தது .308 போல்ட் ஆக்‌ஷன்தான் (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை), 150 கிரெயின், அதாவது 10 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள குண்டு. .243-இல் சுடும்போது தோளில் படும் உதை குறைவு, அதுவும் பன்றியைச் சாய்க்கும். ஆனால் அண்ணன் உரித்த ஆண்பன்றியின் தோளைத் தொட்டுப் பார்த்தபோது, பெரிய குண்டுதான் நல்லது என்று தெளிவாகிவிட்டது. தோலுக்கு அடியில் ரப்பர் செருப்பின் அடிபோல ஒரு கெட்டி. அப்புறம், பன்றிக்கு இதயம் நன்றாகக் கீழே, முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. மானுக்குக் குறிவைப்பதுபோல் வைத்தால் குண்டு மேலே போய்விடும்.

காகித வேலையை மறக்காதீர்கள். 2019 செப்டம்பர் முதல் அங்கே தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதித்தால், பன்றிக்கு வேட்டை உரிமம் தேவையில்லை. ஆனால் தற்காலிக விசாவில் போகிறவர் துப்பாக்கியைத் தொட அமெரிக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அதனால் எடுத்துக்கொண்டேன்.

நம் மரச்சீனி (மரவள்ளி) விளையையும் பன்றி கிளறத்தான் செய்கிறது. அதற்காக இங்கே நாமே துப்பாக்கி தூக்க முடியாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இழப்பீட்டுக்கு வனத்துறையில் மனு கொடுத்திருக்கிறேன்.